புத்தர் மாடத்தில் கன்பூசியஸ்

கேள்வி: ஜப்பானியர்கள் புத்தரையும் ஷின்டோ தெய்வங்களையும்தானே வணங்குகிறார்கள்? கன்பூசியஸுக்கு அங்கே என்ன இடம்?

பதில்: தனி மதமாகத் தேடினால் அவர் கண்ணில் படமாட்டார். ஜப்பானிய வீட்டின் புத்தர் மாடத்தைப் பாருங்கள். கறுப்பு அரக்கு பூசிய சிறு மரப்பலகையில், இறந்தவருக்குச் சூட்டிய பௌத்தப் பெயர் பொன்னெழுத்தில் மின்னும். அந்தப் பலகையை ‘இஹாய்’ என்பார்கள். பௌத்தச் சடங்கென்றே பலரும் நினைக்கும் இதன் வேர், சீனக் கன்பூசிய மரபின் முன்னோர் வழிபாடு. ஜென் பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்கு வந்தது. ஒரு மதத்தின் மாடத்தில் இன்னொரு மரபு இத்தனை இயல்பாகக் குடியிருப்பது எனக்குப் பெரிய வியப்பு.

604-இல் இளவரசர் ஷோதொகு வகுத்ததாகச் சொல்லப்படும் 17 ஆட்சி விதிகளிலேயே கன்பூசிய வாடை உண்டு. பின்னர் தொகுகவா ஷோகன்கள் என்ற படைத்தலைவர்களின் ஆட்சியில்தான் கன்பூசியச் சிந்தனை வேரோடியது. ஹயாஷி ரஸான் போன்ற அறிஞர்கள் ஷோகன்களுக்கே ஆசான்கள் ஆனார்கள். வாளேந்திய சாமுராய் பாடம் படிக்க உட்கார்ந்தான். 1690-இல் நிறுவிய யுஷிமா செய்தோ என்ற கன்பூசியஸ் கோயில் டோக்கியோவில் இன்றும் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் மாணவர்கள் வேண்டுதலை மரப்பலகையில் எழுதி அங்கே தொங்கவிடுகிறார்கள்.

கசப்பான பக்கமும் உண்டு. 1890-இன் கல்வி குறித்த பேரரசர் ஆணை, பெற்றோர் பக்தியையும் அரச விசுவாசத்தையும் ஒரே கயிறாக முறுக்கிப் பள்ளிப் பிள்ளைகளை அரசருக்காக உயிர்கொடுக்கப் பழக்கியது. அதற்குக் கன்பூசியஸைக் குற்றம் சொல்வது நியாயமில்லை; தவறு செய்யும் அரசனைத் திருத்துவது அமைச்சனின் கடமை என்றவர் அவர்.