மலாய்ச் சொற்பாடம்: செஞுமான்

கடையில் நிற்பவருக்கு விலை சொல்லும் மலாய் மட்டும் போதாது. வந்தவர் முகக்குறிப்பைச் சொல்லும் மலாயும் வேண்டும். இன்றைய சொல் 'செஞுமான்'. பொருள்: புன்னகை.

உச்சரிப்பு: முதல் எகரத்தை அழுத்தாமல் சொல்லுக. அடுத்தது 'ஞாயிறு' என்பதில் வரும் ஞகர ஒலி. ஜாவியில் நூன் எழுத்துக்கு மூன்று புள்ளி இட்டு இவ்வொலியைக் காட்டுவர்.

அமைப்பு: 'மினும்' என்றால் குடி, 'மினுமான்' என்றால் பானம். அவ்வாறே 'செஞும்' என்பதிலிருந்து 'செஞுமான்' பிறக்கிறது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இதை ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார்கள். 'அவர் புன்னகைத்தார்' என்பதற்கு 'டியா தெர்செஞும்' என்க.

எச்சரிக்கை: பேச்சுத் தமிழில் புன்னகையையும் சிரிப்பு என்றே சொல்கிறோம். 'புன்னகை' என்னும் சொல்லிலேயே நகை, அதாவது சிரிப்பு, அடங்கியிருக்கிறது. ஸ்பானிய மொழியின் 'சோன்ரீசா'வும் சிரிப்பைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததே. மலாயிலோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். வாய்விட்டுச் சிரிப்பது 'கெத்தாவா', புன்னகைப்பது 'செஞும்'.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் கண்டதைச் சொல்கிறேன். மலாய் மூதாட்டி ஒருவர் விலையைக் கேட்டுப் புன்னகைத்தார். புதிதாக வேலைக்கு வந்த பையன் அன்போடுதான், "மாக்சிக், கெனாப்பா கெத்தாவா?" என்றான். 'ஏன் நகைக்கிறீர்?' என்று அது அவர் காதில் விழுந்தது. எடுத்த கைலியை வைத்துவிட்டுப் போய்விட்டார். தான் செய்த பிழை என்னவென்று பையனுக்கு விளங்கவேயில்லை.

வகைகள்:

செஞும் சிம்புல்: நாணத்தோடு அரும்பும் புன்னகை.

செஞும் காம்பிங்: சொல்லுக்குச் சொல் 'ஆட்டுப் புன்னகை', ஏளனத்தைக் காட்டுவது.

செஞும் தாவார்: மனமில்லாப் புன்னகை. 'தாவார்' என்றால் சப்பில்லாதது. பேரம் பேசுவதற்கும் அதே சொல்தான். விலை சொன்னபின் இப்புன்னகையைக் கண்டால், வாடிக்கையாளர் புறப்படப் போகிறார் என்று அறிக.

இவற்றுக்கு எதிரானது 'முக்கா மாசாம்', புளித்த முகம். 'முக்கா'வும் நம் 'முகம்' போலவே வடமொழி வழி வந்த சொல்.

நபிமொழியைத் தழுவி மலாய் மக்களிடம் வழங்கும் வாசகம் ஒன்று உண்டு: 'செஞும் இத்து செடெக்கா.' புன்னகையும் தர்மமே என்பது கருத்து. 'செடெக்கா' நாம் ஸதக்கா என்று சொல்லும் அதே அரபுச் சொல். கைமுதல் வேண்டாத இந்தத் தர்மத்தைக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கடை நடத்தும் நாம் தினமும் செய்யலாம்.

பயிற்சி: 'செஞும்', 'கெத்தாவா' இரண்டையும் வைத்து ஒவ்வொரு வாக்கியம் அமைத்து, கடைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.