நால்வருக்கு ஒரு பந்து
குடும்பச் சுற்றுலாவில் கோல்ஃப் ஆடும் முறைகள்

நம் குடும்பச் சுற்றுலாவில் ஆடிய ‘மாந்தோப்பு கோல்ஃப்’ பற்றித் திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விதிகளை எழுதிக் கொடுத்தால் தாங்களாகவே நடத்திக்கொள்வதாகச் சொல்கிறார்கள். டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நான் எழுத்தாளன் அல்லன். ஆகவே ஒரு வேலைக் குறிப்பு எழுதுவது போலவே இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோல்ஃப் என்றதும், “அது பெரிய மனிதர்கள் ஆட்டம், நமக்கு எதற்கு?” என்று தோன்றும். எனக்கு இந்த ஆட்டத்தை முதலில் சொன்னவர் என் தாய்மாமன். அவர் வளர்ந்தது கோலார் தங்கவயலில். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இல் ரயில் பாதை போட்டார்கள்; வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே சுரங்க வேலைக்குப் போயின. (சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.) அங்கே வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு கோல்ஃப் திடல் இருந்தது. மாமா சிறுவயதில் அவர்களுடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். துரைமார் வராத நாட்களில், பை தூக்கும் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து, புதரில் கிடைத்த ஒரே ஒரு பந்தை, வளைந்த மரக்கொம்பால் முறை வைத்து அடிப்பார்களாம். “பந்து ஒண்ணுதான்டா, ஆனா நாலு பேருக்கும் ஆட்டம்” என்பார்.

பின்னாளில் பணி நிமித்தம் வெளிமாநிலத்தில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அருகே குடியிருந்தேன். அங்கே நண்பர்களிடம் விதிகளைக் கேட்டுக் கற்றேன். மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் வறுமையால் ஆடிய ஆட்டத்துக்கு, கோல்ஃப் விதிப்புத்தகத்திலேயே இடம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் ஆண்டு நான் செய்த தவறு

முதல் முறை நடத்தியபோது அவரவர் பந்தை அவரவர் அடித்து, மொத்த அடிகளை எண்ணும் சாதாரண முறையை வைத்தேன். குறைந்த அடியில் முடித்தவர் வெற்றி. முதல் குழியிலேயே ஒரு சகோதரிக்கு 14 அடி ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள், யாரோ சிரித்தார்கள். அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க ஆடுங்கண்ணா, நான் சமையலைப் பார்க்கிறேன்” என்று போய்விட்டார். அவருடைய மகளும் பின்னாலேயே போனாள். சற்று நேரத்தில் பெண்கள், பெரியவர்கள், சிறுபிள்ளைகள் எல்லோரும் மரநிழலில். கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் மட்டும் ஆடினார்கள்.

வீடு திரும்பும்போது என் மனைவி கேட்டாள்: “ஏங்க, பந்தியில ஒருத்தர் சாப்பிட்டு முடிக்காம மத்தவங்க எழுந்திருப்போமா?” எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ரயில்வேயில் ஒரு சரக்கு வண்டியில் ஒரே ஒரு வேகனுக்கு வேகக் கட்டுப்பாடு இருந்தாலும் வண்டி முழுவதற்கும் அந்த வேகம்தான். அதைத் தெரிந்த நான், ஆட்டத்தை மட்டும் வேகமானவர்களுக்காகத் திட்டமிட்டேன். அடுத்த முறை, கூட்டத்திலேயே பலவீனமான ஆட்டக்காரரை முதலில் நினைத்து, அவருக்கு ஏற்ற முறையைத் தேடினேன்.

திடலும் கருவிகளும்

முழு கோல்ஃப் திடலில் 18 குழிகள். நமக்கு 6 போதும். மாங்காய் அறுவடை முடிந்த தோப்பு மிகவும் ஏற்றது, மரங்களே தடைகள். உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். ஒவ்வொரு குழிக்கும் தொடக்கக் கோட்டிலிருந்து 40 முதல் 80 தப்படி தூரம் வைக்கலாம்.

உண்மையான கோல்ஃப் பந்தைப் பயன்படுத்தவே கூடாது. அது 46 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள கெட்டிப் பந்து. குழந்தை மேல் பட்டால் ஆபத்து. டென்னிஸ் பந்தும் பழைய ஹாக்கி மட்டையும் போதும். சிறுவர்களுக்கு மட்டையின் பிடியைக் கீழே தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நாம் அதைவிடப் பெரிதாக, ஒரு சிறிய பிளாஸ்டிக் வாளியை விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிடலாம். பக்கத்தில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி. குழியைச் சுற்றி நான்கு தப்படி ஆரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் ‘இலக்கு’ 4 அடி என்று வைத்துக்கொள்வோம். கோல்ஃபில் இதை ‘பார்’ என்பார்கள். இக்கட்டுரையில் ‘அடி’ என்பது மட்டை அடியைத்தான். நீள அளவை அன்று.

குழு பிரிக்கும் விதம்

நண்பர்கள் தாங்களே சேர்ந்துகொள்ள விட்டால் வலுவானவர்கள் ஒரே குழுவில் சேர்ந்துவிடுவார்கள். எல்லோரையும் நான்கு வரிசையாகப் பிரியுங்கள்: நன்றாக அடிப்பவர், சுமாராக அடிப்பவர், புதியவர், குழந்தை அல்லது முதியவர். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் நால்வர் குழு. ஒரே வீட்டார் வெவ்வேறு குழுவில் இருந்தால் புதிய பழக்கம் ஏற்படும்.

முறை 1: சிறந்த இடம்

கோல்ஃபில் இதற்கு ‘ஸ்கிராம்பிள்’ என்று பெயர். குழுவில் நால்வரும் ஒரே கோட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பந்து அடிக்க வேண்டும். நான்கில் எது நல்ல இடத்தில் நிற்கிறதோ அதைக் குழு தேர்ந்தெடுக்கும். மற்ற மூவரும் தம் பந்தை எடுத்து வந்து, அந்த இடத்திலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல் வைத்து அடுத்த அடியை அடிப்பார்கள். யாராவது ஒருவர் பந்து குழியில் விழும்வரை இப்படியே.

உதாரணம்: குழி 70 தப்படி தூரம். அப்பாவின் பந்து 35 தப்படி, மாமியின் பந்து 28, பையன் பந்து மரத்தில் மோதி 10, தாத்தா பந்து 20. அப்பாவின் இடத்தை எடுக்கிறார்கள்: கணக்கில் 1 அடி. அங்கிருந்து நால்வரும் மறுபடி அடிக்கிறார்கள். இப்போது தாத்தாவின் பந்து வட்டத்துக்குள் போகிறது: 2 அடி. மூன்றாவதில் மாமி குழியில் போட்டால், குழுவுக்கு 3. மோசமான அடி யாருக்கும் எழுதப்படுவதில்லை. நல்ல அடி மட்டுமே கணக்கில் ஏறும்.

இதில் ஒரு குறை உண்டு. வலுவான ஒருவரே எல்லா இடங்களையும் பிடித்துவிடலாம். அதற்கு மருந்து: 6 குழிகளுக்குள் ஒவ்வொருவருடைய முதல் அடியையும் குறைந்தது ஒரு முறையாவது குழு எடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வகையும் உண்டு. யாருடைய பந்து தேர்வாகிறதோ அவர் அடுத்த அடியில் ஒதுங்கி நிற்க வேண்டும். மற்ற மூவர் மட்டும் அடிப்பார்கள். குழுவில் ஒரே ஒரு கெட்டிக்காரர் இருந்தால் இது நல்லது.

முறை 2: மாறி மாறி

இதுதான் மாமா ஆடியது. இருவருக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். 1, 3, 5ஆம் குழிகளில் ஒருவர் தொடங்குவார். 2, 4, 6இல் மற்றவர். முந்தைய குழியில் கடைசியாக அடித்தது யார் என்று பார்க்க வேண்டியதில்லை. பந்தைத் தொடாமல் காற்றில் வீசினாலும் அது ஓர் அடிதான். 1927இல் தொடங்கிய ரைடர் கோப்பைப் போட்டியில் உலகின் பெரிய ஆட்டக்காரர்களும் இந்த முறையில் ஆடுகிறார்கள். தாத்தாவும் பேரனும் ஜோடியாக ஆட இதைவிட நல்லது இல்லை. பேரன் பந்தைப் புதருக்குள் தள்ளினால் தாத்தாதான் வெளியே எடுக்க வேண்டும். ஆகவே இருவரும் பேசாமல் இருக்க முடியாது.

முறை 3: புள்ளிக் கணக்கு

ஒரு குழியில் ஏற்பட்ட பெரிய சறுக்கல் நாள் முழுவதையும் கெடுக்கிறதே என்று இங்கிலாந்தில் டாக்டர் ஸ்டேபிள்ஃபோர்டு என்பவர் யோசித்தார். அவருடைய முறையில் 1932இல் வாலசி கிளப்பில் போட்டி நடந்தது. இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. அடியை எண்ணி, புள்ளியாக மாற்றுகிறார்கள். இலக்கு 4 என்றால்:

2 அடியில் முடித்தால் 4 புள்ளி
3 அடி – 3 புள்ளி
4 அடி – 2 புள்ளி
5 அடி – 1 புள்ளி
6 அல்லது அதற்கு மேல் – புள்ளி இல்லை

ஐந்து அடிக்குள் முடியாவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். அந்தச் சகோதரிக்கு 14 அடி எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. குழந்தைகளுக்கு இலக்கை 6 என்று உயர்த்தி, அட்டவணையையும் அதற்கேற்ப இரண்டு அடி தள்ளிக்கொள்ளுங்கள். குழுவில் நால்வர் புள்ளியையும் கூட்டினால் குழுவின் புள்ளி.

முறை 4: மூன்று பரிசு

ஒவ்வொரு குழியிலும் மூன்று புள்ளிகள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் முதலில் பந்தைக் கொண்டுவந்தவருக்கு ஒன்று. எல்லாப் பந்தும் வட்டத்துக்குள் வந்த பிறகு குழிக்கு மிக அருகில் இருப்பவருக்கு ஒன்று. முதலில் குழியில் போட்டவருக்கு ஒன்று. குழியிலிருந்து தூரத்தில் இருப்பவரே எப்போதும் முதலில் அடிக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். பின்தங்கியவருக்கு முதல் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதால், மெதுவாக ஆடுபவரும் புள்ளி எடுப்பார்.

முறை 5: கயிறு

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் 6 முழம் கயிறும் ஒரு கத்தரிக்கோலும் கொடுங்கள். பூ அளப்பது போல ஒரே ஆள் கையால் எல்லாக் கயிற்றையும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் சண்டை வரும். பந்து வேர் இடுக்கில் மாட்டிக்கொண்டால், கயிற்றால் அளந்து நல்ல இடத்துக்கு நகர்த்தலாம். நகர்த்திய நீளத்தை வெட்டிவிட வேண்டும். குழிக்கு அரை முழத்தில் நின்றால், அரை முழம் வெட்டிக் கொடுத்துப் பந்தை உள்ளே போட்டுக்கொள்ளலாம். கூடுதல் அடி இல்லை. கயிறு தீர்ந்தால் தீர்ந்ததுதான். இப்போதே செலவிடுவதா, கடைசிக் குழிக்குச் சேமிப்பதா என்று எட்டு வயதுப் பிள்ளையும் வாதாடுவதைக் கேட்க வேண்டும். சிறந்த இடம் முறையோடு இதைச் சேர்த்தும் ஆடலாம்.

நேரமும் பாதுகாப்பும்

எல்லோரும் முதல் குழியில் வரிசையில் நின்றால் வெயிலில் வாடிப்போவார்கள். குழுவுக்கு ஒரு குழியாக நிறுத்தி, விசில் ஊதியதும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். நான்காம் குழியில் தொடங்கிய குழு மூன்றில் முடிக்கும். 1956இல் அமெரிக்காவில் வாலா வாலா என்னும் ஊரில் இப்படித் தொடங்கத் துப்பாக்கி வெடித்தார்களாம். நமக்கு கார்டு விசில் போதும்.

முன்னால் உள்ள குழு குழியை விட்டு விலகிக் கொடியை ஆட்டும்வரை பின்குழு அடிக்கக் கூடாது. லைன் கிளியர் இல்லாமல் வண்டி கிளம்பாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். அடிப்பவரைச் சுற்றி மூன்று தப்படிக்குள் யாரும் நிற்கக் கூடாது. இப்படி 20 பேர், 6 குழிகள்: எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

இரண்டாம் ஆண்டு நடந்தது

அடுத்த முறை ‘சிறந்த இடம்’ முறையை வைத்தோம். முந்தைய ஆண்டு சமையலுக்குப் போன அதே சகோதரியை மிகவும் வற்புறுத்தி ஒரு குழுவில் சேர்த்தோம். ஐந்து குழிகள் முடிந்தபோது அவருடைய முதல் அடி ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. ஆகவே கடைசிக் குழியில் விதிப்படி அவருடையதைத்தான் எடுக்க வேண்டும். குழுவே அவரைச் சூழ்ந்து நின்றது. கல்லூரிப் பையன் ஒருவன், “அத்தை, பந்தையே பாருங்க, தலையைத் தூக்காதீங்க” என்று சொல்லிக்கொடுத்தான். பந்து இருபது தப்படி போனது. மற்ற மூவருடைய பந்தும் அதைத் தாண்டிப் போயும், அவற்றை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். அந்தக் குழு ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அந்தச் சகோதரி என்னிடம் கேட்டார்: “அண்ணா, அடுத்தது எப்போ?”

நம்மில் பலர் வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் இந்த ஊர்களுக்கு வந்தவர்கள். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். ஆண்டில் ஓரிரு நாள்தான் சங்கத்துப் பிள்ளைகள் ஒன்றாக நின்று தமிழில் சண்டை போட்டுச் சிரிக்கிறார்கள். அந்த நாளில் ஒருவர் மரநிழலுக்கு ஒதுங்கிப் போனால், மறு ஆண்டு அந்தக் குடும்பம் வருவதில்லை. ஆட்டத்தை ஏற்பாடு செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இந்த முறைகளை கிரிக்கெட், எறிபந்து, கோலிக்குண்டு என எதற்கும் சற்று மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். உங்கள் குழுவில் புதிதாக ஏதேனும் விதி கண்டுபிடித்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த சுற்றுலாவில் அதையும் ஆடிப் பார்ப்போம்.