நம் வீட்டுச் சுவரில் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள்?

வேத பகுதி: உபாகமம் 6:4-9, 2 இராஜாக்கள் 4:8-37, 20:12-19



நம்முடைய சபையில் அநேக குடும்பங்களுக்குக் கர்த்தர் வீடு கட்டும் கிருபையைத் தந்திருக்கிறார். பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போனால், "பாஸ்டர், உள்ள வந்து பாருங்க" என்று ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். பால்ஸ் சீலிங், ஷோகேஸ், அதற்குள் சின்னச் சின்ன விளக்குகள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் தங்களால் முடிந்தமட்டும் ஒரு திரைச்சீலை, ஒரு பூந்தொட்டி என்று வீட்டை அழகாக வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். சிறு பிள்ளைகள் வளருகிற வீட்டை ஒரு விசுவாசி எப்படி அலங்கரிக்க வேண்டும்?

வீட்டை அழகுபடுத்துவது உலகப்பிரகாரமான காரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் பேர் சொல்லிக் குறிப்பிடுகிற முதல் மனுஷன் யார் தெரியுமா? தீர்க்கதரிசியல்ல, ராஜாவல்ல. பொன், வெள்ளி, மரம், கல் ஆகியவற்றில் வேலைசெய்கிற பெசலெயேல் (யாத்திராகமம் 31:2-5). அந்நியபாஷையைப் பற்றி மணிக்கணக்காகப் பிரசங்கிக்கிற நாம் இதை அதிகம் பிரசங்கிப்பதில்லை! வீட்டு அறைகள் அருமையான பொருள்களால் நிறைவதையும் நீதிமொழிகள் 24:4 ஆசீர்வாதமாகவே சொல்லுகிறது. அங்கே கடனைக்கொண்டு நிறைப்பதாக இல்லை, அறிவைக்கொண்டு நிறைப்பதாக இருக்கிறது. தவணை கட்டிக்கொண்டிருக்கிற சகோதரர்கள் அந்த வசனத்தை நிதானமாய் வாசிக்கவும்.

எனவே அலங்காரம் செய்யலாமா என்பது கேள்வியல்ல. யாருக்காக அலங்கரிக்கிறோம் என்பதே கேள்வி.

எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் கண்ணீர்விட்டு ஜெபித்தபோது, கர்த்தர் அவனுடைய ஆயுசு நாட்களில் 15 வருஷத்தைக் கூட்டினார். அவன் வியாதியாயிருந்ததைக் கேள்விப்பட்டு பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எப்பேர்ப்பட்ட சாட்சி சொல்லும் தருணம்! அவனோ வெள்ளி, பொன், கந்தவர்க்கம், தைலம், ஆயுதசாலை என்று ஒன்று விடாமல் வீட்டைச் சுற்றிக் காட்டினான். தன்னைச் சுகமாக்கின தேவனைப்பற்றி அவர்களிடம் பேசினதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்பொழுது ஏசாயா வந்து, உன் வீட்டில் அவர்கள் கண்டது என்ன என்று விசாரித்தான். காட்டின பொக்கிஷமெல்லாம் ஒரு நாள் பாபிலோனுக்குப் போகும் என்றும், அவன் சந்ததியாரும் போவார்கள் என்றும் சொன்னான். எசேக்கியாவோ, என் காலத்தில் சமாதானம் இருந்தால் போதும் என்கிற ரீதியில் பதில் சொல்லிவிட்டான். ஒரு தகப்பன் சொல்லுகிற பதிலா அது?

அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். அவன் குமாரன் மனாசே 12 வயதில் ராஜாவாகிறான். வேதத்திலுள்ள வருஷங்களை அப்படியே கூட்டிப் பார்த்தால், அந்த 15 வருஷத்துக்குள் பிறந்த பிள்ளை அவன். பாபிலோன் ஆட்கள் வியந்து பார்த்த அதே அரமனையில்தான் தவழ்ந்தான், நடை பழகினான். வந்தவர்களுக்கு எல்லாம் காட்டின தகப்பன் இந்தப் பிள்ளைக்கு எதைக் காட்டினான் என்று வேதம் சொல்லவில்லை. மனாசே கெட்டதற்கு அதுவே காரணம் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் வளர்ந்த பிற்பாடு அவன் செய்ததைப் பாருங்கள். கர்த்தருடைய ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தைக் கொண்டுவந்து வைத்தான் (2 இராஜாக்கள் 21:7). கடைசியில் சங்கிலியால் கட்டப்பட்டுப் பாபிலோனுக்குப் போன பிறகே மனந்திரும்பினான் (2 நாளாகமம் 33:11-13).

நம்முடைய வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. ஹால் விருந்தாளிக்கு, மீதி வீடு பிள்ளைகளுக்கு. ஒரு வீட்டில் ஜெபிக்கப் போயிருந்தேன். நாலு வயதுப் பிள்ளை ஷோகேஸ் பக்கம் போனால் "தொடாத!" சோபாவில் ஏறினால் "தொடாத!" திரையைப் பிடித்தால் "தொடாத!" சுவரில் பெரிய எழுத்தில் அழகான வசனப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கண்ணு, அங்க என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "தொடாதேன்னு எழுதியிருக்கு அங்கிள்" என்றது. எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை.

வசனத்தை வீட்டு நிலைகளில் எழுதச் சொன்னது கர்த்தர்தான். யூதர்கள் இன்றைக்கும் உபாகமம் 6:4-9, 11:13-21 ஆகிய பகுதிகளைத் தோற்சுருளில் கையால் எழுதி, சிறு கூட்டுக்குள் வைத்து, வாசலுக்குள் நுழைகையில் வலதுபுறமாக உள்ள நிலைக்காலில் பதிக்கிறார்கள். அதற்கு மெசூசா என்று பேர். எபிரெய பாஷையில் அந்த வார்த்தைக்கு நிலைக்கால் என்பதுதான் அர்த்தம். ஆனால் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலாவது, வார்த்தை பெற்றோரின் இருதயத்தில் இருக்க வேண்டும் (வச. 6). அதன்பின் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டும், உட்காரும்போதும் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பேச வேண்டும் (வச. 7). நிலைக்காலில் எழுதுவது 9-ஆம் வசனத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. போதிப்பதற்கு மூலபாஷையில் உள்ள சொல், கத்தியைத் தீட்டிக் கூர்மையாக்குவதைக் குறிக்கும் சொல்லோடு சம்பந்தப்பட்டது. ஒரு இழுப்பில் கத்தி கூராகுமா? திரும்பத் திரும்பத் தீட்ட வேண்டும். நாமோ 9-ஆம் வசனத்தை ஆணியடித்து மாட்டிவிட்டு, 7-ஆம் வசனத்தை ஞாயிறு பள்ளி டீச்சரிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

இன்னொரு காரியத்தையும் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். சில விசுவாசிகள், புறஜாதியார் பூசணிக்காய் கட்டுகிற இடத்தில் வசன ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். கண்ணேறு படாதாம்! திருஷ்டி பொம்மைக்குப் பதிலாக வசனத்தை வைத்தால் அது வசனமல்ல, தகடு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் புது வருஷ வாக்குத்தத்த அட்டையைத் தொட்டிலில் கட்டுகிறவர்களும் உண்டு. அட்டை சுகமாக்காது, கர்த்தர் சுகமாக்குகிறார். பிள்ளையை மடியில் வைத்து ஜெபியுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

அப்படியானால் சுவரில் எதை வைப்பது? பிள்ளை கேள்வி கேட்கும்படியானதை வையுங்கள். பஸ்கா இரத்தம் வாசல் நிலைகளில் பூசப்பட்டபோது, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இது என்னவென்று கேட்பார்கள் என்று கர்த்தர் முன்னதாகவே சொல்லி, பதிலையும் கற்றுக்கொடுத்தார் (யாத்திராகமம் 12:26,27). யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்களும் அதற்காகத்தான் (யோசுவா 4:6,7). பாட்டியம்மாவின் பழைய வேதாகமம் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா? எடுத்து ஹாலில் வையுங்கள். ஞானஸ்நானம் எடுத்த அன்று பிடித்த போட்டோ இருக்கிறதா? கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். "அப்பா ஏன் தண்ணிக்குள்ள நிக்கிறாங்க?" என்று பிள்ளை கேட்கும். அன்றைக்கு நீங்கள் பிரசங்கி! மாட்டுகிறதை ஆறடி உயரத்தில் மாட்டாமல் பிள்ளையின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். சுவரின் கீழ் மூன்றடியைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவிடுவது நல்லது. டிஸ்டெம்பர் அடித்த சுவரைத் துடைத்தால் சுண்ணாம்புபோல உரியும், அதற்காகப் பிள்ளை அடி வாங்கும். கழுவக்கூடிய எமல்ஷனோ கரும்பலகை பெயிண்டோ அந்த மூன்றடிக்கு மட்டும் அடித்தால் கிறுக்கட்டும், துடைத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காரர் ஆணியடிக்க விடாவிட்டால் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் போதும்.

சூனேம் ஊராளைக் கவனியுங்கள். அவள் வசதியான ஸ்திரீ. தேவனுடைய மனுஷனுக்காக மெத்தையின்மேல் கட்டின அறையில் அவள் வைத்தது கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு, நாலே சாமான். அப்போது அவளுக்குப் பிள்ளை இல்லை. கர்த்தர் பிள்ளையைக் கொடுத்தார். ஒருநாள் வயலில், "என் தலை வலிக்கிறது" என்ற பிள்ளை, மத்தியானம் தாயின் மடியிலேயே மரித்துப்போயிற்று. அவள் ஓடி அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த அறைக்கு ஏறி, அந்தக் கட்டிலில் கிடத்தினாள். பிறகு எலிசா வந்து கதவைப் பூட்டி ஜெபித்தபோது, பிள்ளை ஏழுதரம் தும்மிக் கண்ணைத் திறந்தது. தேவனுக்கென்று அவள் ஒதுக்கின இடம் பிள்ளையின் ஆபத்து நாளில் உதவிற்று. பிரியமானவர்களே, பிள்ளைக்கு ஆபத்து என்றால் உங்கள் வீட்டில் எந்த மூலைக்கு ஓடுவீர்கள்? தனி ஜெப அறை வேண்டுமென்பதில்லை. ஒரு பாய், ஒரு முக்காலி, முழங்கால் படிந்த ஒரு மூலை, அங்கே அம்மா அழுது ஜெபிப்பதைப் பிள்ளை பார்த்திருந்தால் போதும்.

இனி, பக்தியோடு சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் ஒன்று. புது வீட்டின் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22:8. எத்தனை பேர் ஹால் மார்பிளுக்குச் செலவழித்துவிட்டு, மாடிச் சுவரை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டிருக்கிறார்கள்! பால்கனிக் கிராதியில் நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தை நுழைந்துவிடும். அலமாரியையும் டிவி ஸ்டாண்டையும் சுவரோடு சேர்த்து முடுக்குங்கள். குளியலறையில் தண்ணீர் வாளியைத் திறந்து வைக்காதேயுங்கள், தவழும் பிள்ளைக்கு அது போதும்.

பெயிண்டைப் பற்றி அநேகருக்குத் தெரியாது. முன்பெல்லாம் கதவு, ஜன்னல் கம்பிக்கு அடித்த எனாமலில், விசேஷமாக பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் அதிகமாய்ச் சேர்த்தார்கள். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் படிப்பையும் நடத்தையையும் ஈயம் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் தேசத்தில் 2016-இல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நிறுத்தினார்கள். அதற்கு முன் அடித்த பெயிண்ட் பழைய வீடுகளின் ஜன்னலில் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் அந்தக் கம்பியில் வாயை வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்கிறார்கள். பழைய எனாமலைக் காய்ந்தபடியே சுரண்டாமல் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் தங்க வையுங்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டப்பாவில் ஈயம் பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்று வாசித்து வாங்குங்கள்.

பெயிண்டர், தச்சர் கூலியைப் பாக்கி வைக்காதேயுங்கள். கேதுருப் பலகை பதித்து, சிவப்பு வர்ணம் பூசி, வேலைக்காரனுக்குக் கூலி கொடாமல் மாளிகை கட்டின ராஜாவுக்கு எரேமியா சொன்னதை 22-ஆம் அதிகாரம், 13 முதல் 19 வரை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். கூலி கேட்டு வந்தவரிடம் "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிற வீட்டில் எந்த வசனத்தை மாட்டி என்ன?

வீட்டுக் கூட்டங்களில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கூட்டம் நடக்கும் வீட்டார் சம்மதித்தால், பெரியவர்கள் எல்லாரும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்காருங்கள். அங்கிருந்து சுவரைப் பாருங்கள். ஷோகேஸின் எந்தத் தட்டு தெரிகிறது, வசனப் பலகை தெரிகிறதா, டிவி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அப்பாவின் கையில் இருக்கிற போனின் பின்பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் உனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேளுங்கள். அவர்கள் காட்டுகிற இடத்தில் எல்லாரும் முழங்கால்படியிட்டு ஜெபித்துக் கூட்டத்தை முடியுங்கள்.