ஒரே குரல், ஊருக்கு ஊர் வேறு ஊதியம்: வேலைவாய்ப்புப் பாடத்துக்கு ஒரு செயல்பாடு

பட்டதாரி ஆசிரியர், கீழப்பாவூர், தென்காசி மாவட்டம்

வகுப்பு: 9 | பாடம்: சமூக அறிவியல் | நேரம்: 2 பாடவேளை

நன்றாகப் பேசும் மாணவரிடம் “நீ ஆர்.ஜே. ஆகலாம்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வேலையில் ஊதியம் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையான வழிகாட்டல். ஒழுங்கமைக்கப்பட்ட துறை, ஒழுங்கமைக்கப்படாத துறை என்ற பாடப்பகுதிக்கும் இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

தொடக்கம்

நம் பகுதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. பள்ளி ஆசிரியருக்கு மாத ஊதியம். “இரண்டுக்கும் என்ன வேறுபாடு?” என்று கேளுங்கள். விடுப்பு, ஓய்வூதியம், வேலை இல்லாத நாள் ஆகியவற்றை மாணவர்களே சொல்வார்கள். அவற்றைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

செயல்பாடு 1: மூன்று அட்டைகள்

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து ஓர் அட்டை வீதம் கொடுங்கள்.

அட்டை அ: அகில இந்திய வானொலியின் நிரந்தர அறிவிப்பாளர். நடுவண் அரசு ஊதிய விகிதம், படிகள் உண்டு.

அட்டை ஆ: அதே வானொலியின் பகுதிநேர அறிவிப்பாளர். குரல் தேர்வில் வென்றவர். ஒரு பணிக்கு இவ்வளவு என்று தொகை. மாதத்துக்குப் பொதுவாக 6 பணிகள் வரைதான். 1963 முதல் நாம் கேட்டுவரும் திருநெல்வேலி வானொலியிலும் இத்தகைய குரல்கள் உண்டு.

அட்டை இ: தனியார் பண்பலைத் தொகுப்பாளர். நிலையத்தின் வருமானம் விளம்பரம். பண்பலை நகரங்களை நடுவண் அரசு மக்கள்தொகைப்படி ஏ பிளஸ், ஏ, பி, சி, டி எனப் பிரித்துள்ளது. 3 முதல் 10 லட்சம் வரை சி; 1 முதல் 3 லட்சம் வரை டி. கேட்பவர் குறைவான ஊரில் விளம்பரக் கட்டணம் குறையும். நிலையம் தரக்கூடிய ஊதியமும் குறையும்.

“பீடிக் கூலிக்கு அருகில் இருப்பது எந்த அட்டை?” என்று கேளுங்கள். பெரும்பாலோர் ‘ஆ’ என்பார்கள். காரணத்தையும் சொல்ல வையுங்கள்.

செயல்பாடு 2: கணக்கு

அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7ஆவது ஊதியக் குழுவின்படி, 2024 ஜனவரி முதல் நடுவண் அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி சென்னையில் 30 விழுக்காடு, மதுரையில் 20, சிறு ஊர்களில் 10.

சென்னை: 12,000 ரூபாய்
மதுரை: 8,000 ரூபாய்
சிறு ஊர்: 4,000 ரூபாய்

இங்கு அடிப்படை ஊதியம் எங்கும் ஒன்றே. படி மட்டும் மாறுகிறது, அதற்கும் எழுதப்பட்ட விதி உண்டு. தனியார் பண்பலையில் ஊதியமே சந்தையைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தம் சொற்களில் எழுதட்டும்.

மதிப்பீடு

வானொலி வேலைக்குப் போகும் அக்காவோ அண்ணனோ கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். மாத ஊதியமா, பணிக்கு இவ்வளவா? மாதத்தில் எத்தனை பணி? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? வருங்கால வைப்பு நிதி உண்டா? வெளி நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கவும் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கவும் அனுமதி உண்டா? இவற்றில் மூன்றாவது வந்தால் பாடம் சேர்ந்துவிட்டது.

ஆசிரியர் கவனத்துக்கு

“சம்பளம் குறைவு, வேண்டாம்” என்ற முடிவுக்கு வகுப்பை இட்டுச் செல்ல வேண்டாம். நெல்லைத் தமிழ் பேசும் குரல் இப்பகுதி நிலையங்களுக்குத் தேவை. அந்தக் குரலுக்கு உரியவர் விவரம் அறிந்து போகட்டும். பட்டப்படிப்பையும் விடாமல் முடிக்கட்டும்.