செத்த வழக்கும் சாகாத தீர்ப்பும்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பீல் நடக்கும்போதே வழக்கின் விஷயம் காலாவதியாகிவிட்டால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. அமெரிக்க அரசே இதில் கோட்டை விட்டிருக்கிறது.

மன்சிங்வேர் என்றொரு உள்ளாடைக் கம்பெனி. விலைக் கட்டுப்பாட்டை மீறி விற்றதாக அதன்மீது அரசு வழக்குப் போட்டது. மீறாதிருக்கத் தடையுத்தரவு வேண்டும், மூன்று மடங்கு இழப்பீடும் வேண்டும். தடையுத்தரவு முடியட்டும், இழப்பீட்டைப் பிறகு பார்க்கலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. விதிமீறலே இல்லை என்று கீழ்க்கோர்ட் சொல்லிவிட்டது. அரசு அப்பீலுக்குப் போயிருந்த சமயம் அந்தச் சரக்கின் மீதிருந்த கட்டுப்பாடே நீங்கிவிட்டது. இல்லாத விதியை மீறாதே என்று யார் உத்தரவு போடுவார்கள்? உயிருள்ள தகராறைத்தான் அந்நாட்டு மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்பது அரசியல் சட்டம். அப்பீல் தள்ளுபடி.

போகட்டும், இழப்பீடாவது மிஞ்சும் என்று அரசு திரும்பியது. பழைய தீர்ப்பு குறுக்கே நின்றது. விதிமீறல் இல்லையென்று முடிவான பிறகு இழப்பீடு ஏது? முன்தீர்ப்புத் தடை! 1950-இல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்தது. அப்பீல் செத்த அன்றே கீழ்த்தீர்ப்பையும் ரத்து செய்யும்படி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அதுதான் அங்கே வழக்கம். அரசு வாயே திறக்கவில்லை.

எப்போது கேட்டாலும் கிடைக்குமா? கிடைக்காது. ஐடஹோவில் ஒரு வணிக வளாகத்தின் திவால் வழக்கு. கீழே தோற்ற, கடன் கொடுத்த கம்பெனி, சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே எதிர்த்தரப்போடு சமரசமாகிவிட்டு, தனக்கு எதிரான தீர்ப்பை ரத்து செய்யச் சொன்னது. 1994-இல் நீதிபதி ஸ்கலியா எழுதிய ஒருமித்த தீர்ப்பு அதை மறுத்தது. சமரசம் நீயாகச் செய்தது, தற்செயலாக வந்ததல்ல. தீர்ப்பு வழக்காடியவர்களின் சொந்தச் சொத்துமல்ல. எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. இல்லாவிட்டால் பணக்காரக் கம்பெனிகள் தமக்கு ஆகாத தீர்ப்புகளைக் காசு கொடுத்தே அழித்துவிடும். அபூர்வமான சூழ்நிலைக்கு மட்டும் கோர்ட் ஒரு சந்து விட்டுவைத்தது.

ஜெயித்தவரே வழக்கைச் சாகடித்தால் கதை வேறு. துப்பாக்கி எடுத்துச் செல்வது பற்றிய தன் விதியை, அதை எதிர்த்த வழக்கை சுப்ரீம் கோர்ட் ஏற்ற பிறகு நியூயார்க் நகரம் மாற்றிக்கொண்டது. 2020-இல் அதற்குச் சாதகமாயிருந்த கீழ்த்தீர்ப்பு ரத்தானது.

ஆகவே இப்படியொரு வழக்கைப் படித்தால், அதைச் சாகடித்தது யார் என்று முதலில் தேடு. நாளை உன் கட்சிக்காரரின் அப்பீல் அவர் தவறில்லாமல் செத்தால், ரத்துக் கோரிக்கையை அன்றே மனுவில் எழுதிக் கேள்.

அன்புடன்,
மாமா