பக்ரியில் கிடைத்த துப்பாக்கி

குளுவாங்

அன்பு மகன் பாலாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படத்தைப் பெரியம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "உலக்கையா இது?" என்றாள். குண்டுப்பெட்டியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. .303 லீ-என்பீல்ட். 1942 ஜனவரியில் மூவாரிலிருந்து பக்ரி வழியாகப் பாரிட் சூலோங் வரை ஜப்பான்காரனிடம் அடிபட்டுக்கொண்டே பின்வாங்கிய சிப்பாய்கள் கையில் இருந்தது. பாலத்தருகே விட்டுப்போன காயக்காரர்களை ஜப்பான்காரன் என்ன செய்தான் என்று தாத்தா சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். அந்த மண்ணிலா மெட்டல் டிடெக்டரோடு அலைவது? சரி, போயாயிற்று.

சுத்தம் பண்ணி, தோட்டாவுக்கு நீயே மருந்து அடைத்துச் சுடப்போகிறாயாமே. உன் மெல்பர்ன் சிநேகிதன் செய்கிறான் என்றால் அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, கிளப் இருக்கிறது. தாத்தா அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக (எஸ்.சி.) இருந்தபோது அவர் கையிலும் இதே மாதிரித் துப்பாக்கிதான். சுட்டுவிட்டு வந்ததும் குழலில் கொதிதண்ணீர் ஊற்றுவார். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியிலிருக்கும் பற்றவைக்கும் மருந்து உப்பை விட்டுப்போகும்; எண்ணெய்க்கு அது கரையாது. ஒருமுறை ஒரு தோட்டாவைக் குறடால் பிரித்துக் காட்டினார். உள்ளே சேமியா மாதிரி மருந்துக் குச்சிகள். அதைப் பார்த்து நீயும் பிரிக்காதே. இந்தத் துப்பாக்கியில் போல்ட்டைப் பூட்டும் தாழ் பின்பக்கம். அதனால் வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு நீளும். திரும்பத் திரும்ப அடைத்தால் அடிப்பக்கம் பிய்ந்துகொள்ளும். எண்பது வருஷம் சேற்றில் கிடந்த குழல் அதைத் தாங்குமா? உன் முகம் அதற்குப் பின்னால்தான் இருக்கும்.

துரு ஏறியது, பாதிதான் இருக்கிறது என்றெல்லாம் சட்டத்திடம் சொல்ல முடியாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி.

தாத்தாவின் பன்றி சுடும் துப்பாக்கி விஷயத்தில் உன் அப்பா என்னை என்ன சொன்னான் என்பது உனக்குத் தெரியும். லைசென்ஸ் அவர் பேருக்கு. அவர் போன மூன்றாம் நாள் அதைப் போலீஸ் பாலாயில் கொடுத்தேன். அப்பன் சொத்தைத் தாரைவார்த்தவன் என்றான்; கருமாதிப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அன்று நான் கொடுக்காமல் இருந்திருந்தால் லயத்தில் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டியிருப்பார்கள்? இன்றுவரை அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

வைத்துக்கொள்வதா ஒப்படைப்பதா, உன் இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன். ஒப்படைப்பதென்றால் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பாதே. பாலாய்க்குப் போன் போடு, அவர்களே வருவார்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் மூவாருக்கு வந்துவிடுகிறேன். அதுவரை கையை வைக்காதே.

திட்டுகிறேன் என்று நினைக்காதே, சாமி. என் ரேடியோவைப் பிரித்து மறுபடி பாடவைத்த கை உன் கை. நம் வீட்டில் வேறு யாருக்கும் அது வராது. கோலாலம்பூர் போலீஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறேன், ஆசை தீரப் பார். பெரியம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள், இரண்டு டின். தாத்தாவின் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. உன் அப்பா கேட்டும் கொடுக்கவில்லை. அதையும் நாளைக்கு எடுத்து வருகிறேன், உனக்கு.

பெரியப்பா