ஊருணி நீரும் நரம்புச் சிலந்தியும்

மல்லாங்கிணறு போன்ற வானம் பார்த்த ஊர்களில் ஊருணியும் கிணறுமே நெடுங்காலம் குடிநீர்க்கு ஆதாரமாயிருந்தன. ஊருணி நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி வெயிலில் பார்த்தால் வெண்புள்ளிகள் சில துள்ளுவதைக் காணலாம். இவை சைக்ளாப்ஸ் என்னும் ஒற்றைக்கண் நீர்ப்பூச்சிகள். இறால், நண்டு ஆகியவற்றின் இனம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. தம்மளவில் தீங்கற்றவை. நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சை விழுங்கிய பூச்சியே அபாயமானது. இதனை 1870-இல் பெட்செங்கோ என்னும் ருஷ்ய அறிஞர் கண்டறிந்தார்.

அப்பூச்சியை நீரோடு பருகியவர்க்கு ஓராண்டளவும் ஒன்றும் தோன்றாது. பின்னர்க் காலில் கொப்புளம் எழும்பி, இரண்டு மூன்றடி நீளப் புழு தலைகாட்டும். அதனைக் குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்க வாரக்கணக்காகும். உழவு நாளில் காலூன்ற மாட்டாத குடியானவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! எரிச்சல் தணிய அவர் படிக்கிணற்றில் காலை நனைத்தாலோ, புழு எண்ணிறந்த குஞ்சுகளை நீரில் விட்டுவிடும்.

தமிழ்நாட்டிலும் முன்பு இருந்த இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. புண்ணுள்ளவரை நீரில் இறங்கவிடாமையும் வடிகட்டிய நீருமே அதனை ஒழித்தன. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நற்சான்று அளித்தது. 1986-இல் உலகில் சுமார் 35 லட்சம் பேரைப் பற்றிய நோய், 2024-இல் 15 பேரையே பற்றியது.

வடிகட்ட நெருக்கமாக நெய்த தறித்துணியை இரண்டாக மடித்தால் போதும். காலராக் கிருமிக்கு மட்டும் இதனை நம்பலாகாது. நீரைக் காய்ச்சவே வேண்டும். மேற்புறமாயிருந்த பக்கமே மறுமுறையும் மேலிருக்கட்டும். புரட்டிக் கட்டினால் தங்கிய பூச்சி குடத்துள் விழும்.